உரையளவையும் ஊர்ச்சொல்லும்

சிவஞானசித்தியார் ஓதப் புகும் மாணாக்கர்க்கு முதற்கண் எதிர்ப்படுவது அளவை. பதி பசு பாசங்களின் இயல்பு கூறுமுன், அவற்றை அறிதற்குக் கருவி யாது, அக்கருவி பழுதுபடும் இடம் யாது என்பன தெளிதல் வேண்டும் என்பது அருணந்தி சிவாசாரியர் திருவுள்ளம். அளவை பத்தென்பாரும் அதனிற் குறைத்தும் கூட்டியும் உரைப்பாரும் உளராயினும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவெல்லாம் அடங்கும் என்பது நம் முடிபு. ஐயமுந் திரிபும் நீங்கிய அறிவே காண்டல் எனப்படும். குற்றமற்றவன் வாக்கே உரை எனப்படும். வாய்திறந்து யாவர் சொல்லினும் அஃது உரையளவையாகி விடாது.

மூன்றனுள் அடக்கப்பட்டவற்றுள் ஐதிகம் என்பதொன்று. ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவது பற்றி ஒன்றைத் துணிதல் அது. இம்மரத்திற் பேயுண்டு என்று உலகத்தார் கூறக் கேட்டு அங்ஙனமே தெளிதலை மணிமேகலை இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகின்றது. சொன்னவர் பேயைக் கண்டாரா, கண்டவர்பாற் கேட்டாரா, கேட்டவரிடமிருந்து கேட்டவரா என்னும் ஆராய்ச்சி அதன்கண் இல்லை. பாடஞ் சொல்லுங்கால் யாம் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வதே வழக்கமாயிருந்தது. பேய்க்கதைக்கு இத்துணை நேரம் வேண்டா என்பது எம் எண்ணம். அங்ஙனங் கடந்தது எத்துணைப் பிழை என்பதை எமக்கு உணர்த்தியது சித்தாந்த நூலன்று, ஒரு நாவல். ஆசிரியத் தொழில் பூண்ட ஒருவன் தன் தவற்றைத் தன் வாயாற் கூறுதல் ஏனையோர்க்குப் பயன்படுமாயின் அதில் இழிவில்லை யென்று கருதி இதனை எழுதுகின்றேம்.

சேலத்தினின்று சங்ககிரி வழியாக மேற்கே செல்வார்க்கு வெளியில் எழுந்து தோன்றுவது செங்கோட்டு மலை. கொங்குநாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய கொடிமாடச்செங்குன்றூர் அதுவே. திருஞானசம்பந்தப் பிள்ளையாரோடு வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிய காலத்தில், அந்நோய் நீங்கத் திருநீலகண்டத் திருப்பதிகம் எழுந்த பதியும் அதுவே என்று பெரியபுராணம் கூறும். வலப்பால் ஆணும் இடப்பாற் பெண்ணுமாய் நின்ற திருக்கோலத்தில் மூலமூர்த்தி எழுந்தருளியிருக்கும் அருமையால் அத்தலத்தைச் சைவர் பெரிதும் போற்றுவர். மலைப்படிகளுள் அறுபதாம்படி என்றொன்றுண்டு. அப்படியில் நின்று சொல்லிய சத்தியத்தை முன்னாளில் வழக்குத் தீர்க்கும் சான்றாகக் கொண்டனர் என்பர். பொய்ச் சான்றுக்கு அஞ்சுதல் அம்மலையடிவாரத்தார்க்குப் பழைய பழக்கம் என்பதற்கு இதனைக் குறித்தேம்.

இனிச் செய்தி வருமாறு. திருச்செங்கோட்டையடுத்த கூட்டப்பள்ளியிற் பிறந்தவரும், தமிழ்ப் பேராசிரியரும், கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தவருமாகிய பெருமாள்முருகன் என்பார் 2010ஆம் ஆண்டில் 'மாதொருபாகன்' என்னும் நாவலை வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் அதனைப் பற்றி எதிர்ப்பொன்றும் எழுந்திலது. 2013இல் ஆங்கிலத்தினும் பெயர்க்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு முடியுந் தறுவாயில், அந்நூல் திருச்செங்கோட்டு இறைவனையும் அவ்வூர்ப் பெண்டிரையும் இழிவுபடுத்துகின்றது என்னும் பேச்சு எழுந்தது. டிசம்பர் 26ஆம் நாள் நூற்படிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரி 9ஆம் நாள் ஊரிற் கடையடைப்பு நிகழ்ந்தது. 12ஆம் நாள் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு என்ற பெயராற் கூடிய கூட்டத்தில் ஆசிரியர் நிபந்தனையின்றி வருத்தந் தெரிவிக்கவும், விலையாகாத படிகளைத் திரும்பப் பெறவும் இசைந்தார். அதன்பின் தம்முள்ளிருந்த எழுத்தாளன் மாண்டொழிந்தான் என்னுங் கருத்துப்படத் தாமே அறிவித்து எழுத்தைத் துறந்தார்.

அந்நாட்களில் எம் கைக்கு வந்தவை இயந்திரப் படியெடுத்த சில தாள்கள். நாவலின் இடையே நாலைந்து பக்கங்கள். சில வரிகளின் கீழே மையினாற் கோடிடப்பட்டிருந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் எமக்கு நெடுநாட் பழகிய அன்பர், நீறிட்ட நெற்றியர், பொய் சொல்லாதவர். தாள்களைப் படித்தேம். வைகாசித் தேர்விழாவின் பதினான்காம் நாள், ஊருள் எழுந்தருளிய மூர்த்திகள் மலைக்கு மீளும் இரவில், பிள்ளைப்பேறில்லாத பெண்டிர் முகமறியா ஆடவரைச் சேர்தலை ஊர் கண்டுங் காணாதிருந்தது என்றும், அவ்வாடவரைச் சாமியென்றே கொண்டனர் என்றும் அவற்றில் இருந்தது. உள்ளங் கொதித்தது. அவ்வாரத்துச் சித்தாந்த வகுப்பில், பாடத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அரை மணி நேரம் அந்நூலைப் பழித்துப் பேசினேம். பரசமயத்தார் செய்யாத இழிவைச் சைவக்குடியிற் பிறந்தாரே செய்தனர் என்றுஞ் சொல்லினேம். அவையோர் தலையசைத்தனர்.

வகுப்பு முடிந்தபின் மாணாக்கர் ஒருவர் பின்தங்கி நின்றார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியில் ஆண்டிற் பாதி வடநாடு சென்று தொழில் செய்பவர். ஊரிலிருக்கும் மாதங்களில் வகுப்புக்குத் தவறாது வருபவர். "ஐயா, அந்நூல் முழுவதையும் தாங்கள் எப்பொழுது படித்தீர்கள்?" என்று பணிவாகவே வினவினார். குற்றங் காணும் குரலன்று. தாமும் படித்தவராகலின் எம்மோடு பேச விரும்பினார் என்பது பின்னரே புலனாயிற்று. யாம் விடை கூறவில்லை. நேரமாயிற்றென்று சொல்லிப் புறப்பட்டேம். அவ்விருவருக்கும், அஃதாவது அவர்க்கும் அவர் மனைவியார்க்கும், மணமாகி ஒன்பதாண்டாகியும் மகப்பேறில்லை என்பது எமக்குத் தெரிந்ததே. அவரை எதிரே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யாம் பேசிய பேச்சு எத்தகையது என்பதை அன்றிரவு எண்ணிப் பார்த்தேம்.

முதலில் எமக்குத் தோன்றியது ஓர் அமைதி. தாள்கள் பொய்யல்லவே, அச்சிட்ட நூலின் பக்கங்களே, ஆகலின் யாம் கண்டது காண்டலளவையே என்று எமக்கு யாமே சமாதானங் கூறிக்கொண்டேம். அச்சமாதானம் நெடிது நிற்கவில்லை. யாம் கண்டவை தாள்கள். தீர்ப்புக் கூறியதோ நூலைப் பற்றி. பகுதியைக் கண்டு முழுமையைக் கூறுதல் காண்டலன்று, கருதல். கருதலாயின் அதற்கு ஏது வேண்டும். புகை கண்டு நெருப்பை அனுமிப்பார் புகைக்கும் நெருப்புக்கும் உள்ள நியதியான தொடர்பை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். இப்பக்கங்கட்கும் நூற்கருத்துக்கும் உள்ள தொடர்பை யாம் அறிந்ததில்லை. எஞ்சியது அன்பர் வாக்கு. அவர் பொய் சொல்லாதவர் என்றேம். உண்மை, ஆயினும் அவரும் நூலைப் படித்திலர், அவருக்குக் கொடுத்தவரும் படித்திலர் எனப் பின்பு கேட்டறிந்தேம். மரத்திற் பேயுண்டு என்ற கதையே இது. யாம் பாடத்தில் விரைந்து கடந்த இடத்திலேயே வழுக்கி வீழ்ந்தேம்.

இங்ஙனம் எண்ணிய பொழுது எம் நினைவு பரபக்கத்திற் சென்றது. சித்தியார் பரபக்கத்தில் ஆசிரியர் உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு மதத்தினரை நிறுத்தி மறுக்கின்றார். ஒவ்வொரு மதத்தையும் முதற்கண் அம்மதத்தார் வாயாற் கூறுமாறே கூறி, அதன்பின்னரே மறுதலை கூறுவர். உலகாயதன் பேசும் பகுதியைப் படித்தார் அறிவர்: மறுமையில்லை, தவமும் விரதமும் வீணுழைப்பு, கண்ட இன்பமே பொருள் என்று அவன் பேசுவது எத்துணை மிடுக்கோடு அமைந்துள்ளது! தன் மதத்தை இத்துணை நன்றாகத் தானே சொல்லியிருப்பானோ என்று ஐயுறுமாறு ஆசிரியர் அவனுக்கு வாய்கொடுத்திருக்கின்றார். அப்பகுதியை மாத்திரம் படியெடுத்துக் கீழே கோடிட்டு, திருத்துறையூர்ச் சிவாசாரியர் எழுதியது காண்மின் என்று ஒருவன் நம் மடங்களில் வழங்குவானாயின் யாது நேரும்? அவை ஆசிரியர் வாக்கே என்பதும் உண்மை. ஆசிரியர் கருத்தன்று என்பதும் உண்மை. மறுதலையை நீக்கி மதத்தை மட்டுங் காட்டுதலின் தீமை இது.

இவ்வொழுங்கு அருணந்தியார்க்கு மட்டும் உரியதன்று. உமாபதி சிவாசாரியர் 1313ஆம் ஆண்டிற் செய்த சங்கற்ப நிராகரணத்திலும் பிறர் சங்கற்பம் முன்னும் அதன் நிராகரணம் பின்னுமாகவே அமையும். திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் செய்த கண்டன நூல்களுள் ஒன்று 'எடுத்து' என்னும் ஒரு சொல்லின் பொருள் பற்றியே எழுந்தது. எதிரி கூறியதைச் சொற்சொல்லாக எடுத்துக்கொண்டு விடை கூறும் அவர் வன்மையைக் கண்டு வியக்கின்றோம். எதிரியின் ஏட்டை அவர் எத்துணைப் பொறுமையோடு படித்திருப்பர் என்பதை எண்ணுவதில்லை. மேலும் உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்து அவையடக்கத்தில், பழமை ஒன்றே பற்றி ஒரு நூல் நன்றாகிவிடாது, புதுமை ஒன்றே பற்றித் தீதாகிவிடாது என்னும் பொருள்படக் கூறியிருத்தலை நூற்றுக்கணக்கான முறை மேடையில் எடுத்தோதியிருக்கின்றேம். அஃது எம்மை நோக்கியும் கூறப்பட்டது என்பது அன்றுவரை எமக்குத் தோன்றியதில்லை.

நூலை வாங்கிப் படித்தேம். வாங்குதல் அக்காலத்தில் எளிதாயில்லை. அம்மாணாக்கரிடமே கேட்டுப் பெற்றேம். நாவல் படிக்கும் பழக்கம் எமக்கில்லை. ஆதலின் முதல் ஐம்பது பக்கம் எமக்குப் பெரிதும் இடர்ப்பாடாயிருந்தது. கொங்கு வேளாண்குடியின் பேச்சு வழக்கை உள்ளவாறே அச்சிற் காணுதல் எம் போன்றார்க்கு முதலிற் கூச்சந் தரும். பின்னர் அச்சொற்கள் எம் பாட்டியார் வாய்ச்சொற்களே என்று உணர்ந்த பொழுது கூச்சம் நீங்கியது.

கதை நாடு விடுதலை பெறுமுன் நிகழ்வதாக அமைந்தது. காளி என்னும் உழவன், அவன் மனைவி பொன்னா. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டாகியும் மகவில்லை. ஒருவர்மேல் ஒருவர் குறையாத அன்புடையர். ஊரோ அவர்களை விடுவதாயில்லை. அவனை வறடன் என்று ஏசும். அவளை நற்காரியங்களில் ஒதுக்கும். பங்காளிகள் அவர் நிலத்தை இப்பொழுதே கணக்கிடுவர். வேண்டாத தெய்வமில்லை. மலையுச்சியில் விளிம்போரமாயுள்ள வறடிக்கல்லையும் உயிர்க்கு அஞ்சாது வலம் வருகின்றனர். இரண்டாம் மணத்திற்கு அவன் உடன்படவில்லை. ஈற்றில் அவன் தாயும் அவள் பிறந்த வீட்டாரும் பதினான்காம் நாள் திருவிழாவை எண்ணுகின்றனர். நூலின் மிகப்பெரும் பகுதி மேற்கூறிய துன்பமே. திருவிழாவைப் பற்றிய பக்கங்கள் மிகச் சில.

யாம் கண்ட தாள்களில் இல்லாததும், கண்டிருப்பின் எம் பேச்சை அடக்கியிருக்கக் கூடியதுமான செய்தி ஒன்றுண்டு. அவ்வழக்கத்தைக் காளி ஒப்பவில்லை. மணத்துக்கு முன் இளமையில் அவ்விரவிற் சென்று திரிந்தவன் அவன். அங்கு வரும் ஆடவர் யாவர், எந்நோக்கத்தோடு வருவர் என்பதைத் தன்னைக்கொண்டே அறிந்தவன். ஆகலின் அவரைச் சாமியென்று கொள்ள அவன் மனம் இசையவில்லை. அவன் உடன்பட்டான் என்று பொய்கூறியே அவளை அழைத்துச் செல்கின்றனர். வீடு பூட்டிக் கிடத்தலை அவன் காணும் அவ்விடத்தோடு நாவல் ஏறக்குறைய முடிகின்றது. அம்முடிவைப் படித்தார் எவரும், இந்நூல் அவ்வழக்கத்தைக் கொண்டாடுகின்றது என்று கூறார். பரபக்கத்தில் உள்ளவாறே இந்நூலுள்ளும் மதமும் மறுதலையும் இரண்டும் இருந்தன. எமக்குத் தரப்பட்டது மதம் மட்டும்.

இதனாற் சினங்கொண்டார் யாவரும் வீணே சினந்தனர் என்று கூறுதற்கும் எம் மனம் ஒருப்படவில்லை. ஊர்ப்பெயர் உண்மை, தெய்வத்தின் பெயர் உண்மை, திருவிழா உண்மை. கதை மட்டும் கற்பனையென்றால் பாமர மக்கள் அவ்வேறுபாட்டை எங்ஙனம் உணர்வர்? நூன்முகத்தில் ஆசிரியர் தாம் செய்த கள ஆய்வையும் அதற்குக் கிடைத்த பொருளுதவியையுங் குறித்திருத்தல், கதையைச் சரித்திரமென்று கொள்வார்க்கு இடந்தந்தது. மலையில் வேண்டிப் பெற்ற பிள்ளைகள் அச்சுற்றுப்புறத்தில் வீட்டுக்கொருவர் உளர். அவர் பிறப்பை ஒருவன் நகைத்துப் பேசுவானோ என்று தாய்மார் அஞ்சினராயின், அவ்வச்சத்தைப் பொய்யென்று தள்ளுதல் கற்றவர்க்கு அழகன்று. அவர்க்கு உண்மையை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர் எம் போன்றார். நூலைப் படித்து, இதில் இன்னது உளது, இன்னது இலது, இன்னது ஏற்கத்தகாதது என்று கூறுவார் அந்நாளில் ஒருவரேனும் முன்வந்திருப்பின் அவர் சினம் பாதியேனும் தணிந்திருக்கும். யாமோ கனலுக்கு நெய் வார்த்தேம்.

ஏற்கத்தகாதது என்று எமக்குப் படுவதையும் கூறிவிடுவாம். அவ்விரவில் வரும் ஆடவரைச் சாமியென்று கொள்ளுதல், கதைமாந்தர் கருத்தேயாயினும், சித்தாந்தத்தோடு பொருந்தாது. அடியாரைச் சிவமெனவே கண்டு வழிபடுதல் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் வகுத்த நெறி. ஆயின் அங்கே வழிபடப்படுவது மலம் நீங்கி அன்பு மிக்கார் திருவேடமும் ஆலயமும் ஆம். மெய்ப்பொருள் நாயனார் பகைவன் கையில் வாளேறுண்டும் பேணியது நீறணிந்த வேடத்தை, வேடமில்லா வெற்றாளையன்று. முகமறியான் ஒருவன் முகமறியாமை பற்றியே தெய்வமாகான். மகப்பேறும் மகவின்மையும் இருவினைக்கு ஈடாக இறைவன் கூட்டுவன. வினையை ஊட்டும் முதல்வனுக்கு இத்தகைய இடைநின்றார் வேண்டா. இதிகாசத்தில் அம்பிகை அம்பாலிகையர்க்கு வியாசரால் மகப்பேறு வாய்த்ததனை எடுத்துக்காட்டுவாருக்கு, அது குலமூத்தோர் ஆணையால் நியமமாக நிகழ்ந்ததாகக் கூறப்படுவது, கூட்டத்திடை நிகழ்ந்ததன்று என்பதே எம் விடை. இம்மறுப்பை யாம் நாலைந்து தாள்களைக் கொண்டு செய்திருக்க இயலுமா? காளியின் மனத்தடை யாதென்று அறிந்த பின்னரே எம் தடையும் எமக்குத் தெளிவாயிற்று. அவ்வுழவன் நூலோதாதே உணர்ந்ததைத்தான் யாம் சூத்திரங் காட்டிக் கூறுகின்றேம்.

இனி, சைவராகிய நமக்கு இச்செய்தியில் மற்றவரினும் மிக்க பொறுப்புண்டு என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுவாம். 1943ஆம் ஆண்டில், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிலிடல் வேண்டும் என்னுங் கிளர்ச்சி தமிழ்நாட்டில் எழுந்தது. அக்கருத்தை வலியுறுத்திய சி. என். அண்ணாதுரை அவர்களோடு, சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களும், அடுத்த மாதம் நம் சேலம் நகரில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அவர்களும் சொற்போர் நிகழ்த்தினர். அவை 'தீ பரவட்டும்' என்னும் பெயரால் நூலாகவும் வந்தன. திருச்செங்கோடு அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே ஒரே ஜில்லாவின் மண்ணில் எழுபதாண்டு இடையிட்டு நிகழ்ந்த இரண்டு எரியூட்டுப் பேச்சுக்கள் இவை. முன்னதில் எரிக்கப்பட வேண்டும் எனப்பட்டது நம் திருமுறை.

அக்கிளர்ச்சியாளர் பெரியபுராணத்தை எங்ஙனம் காட்டினர்? மனைவியைக் கேட்டவனுக்குக் கொடுத்தான் ஒருவன், பிள்ளையை அரிந்து கறி சமைத்தான் ஒருவன் என்றனர். இயற்பகையார் புராணத்தில் அவ்வேண்டுகோள் உளது. இல்லையென்று யாம் கூற முடியாது. அதனைத் தனியே படியெடுத்துக் கோடிட்டுக் கொடுப்பின், நம் சமயத்தை அறியாத ஒருவன் நம் தாய்மாரைப் பற்றியும் நம் தெய்வத்தைப் பற்றியும் என்ன நினைப்பான்? கேட்டவன் சிவனடியார் வேடத்தினன் என்பதும், மறுத்தெதிர்ந்த சுற்றத்தாரை வெட்டி வழிவிட்டுச் சென்ற வணிகர் அம்மையார்பால் திரும்பி நோக்குதலுமின்றி மீண்டதும், சாய்க்காட்டில் ஓலமிட்டழைத்த குரலும், விடைமேல் தோன்றிய காட்சியும் அறிந்தார்க்கே அவ்வேண்டுகோள் சோதனையெனப் புலனாகும். முழுதும் படியாமற் பேசுகின்றனர் என்று அந்நாளில் நம் முன்னோர் முறையிட்டனர். அம்முறையீடு நியாயமானது. ஆயின் கிளர்ச்சியாளருள் தலைவராயினார் கம்பனை வரிவரியாகப் படித்திருந்தார் என்பதையும், கற்றாரை எதிர்கொண்டு மேடையில் வழக்காடினார் என்பதையும் மறைத்தல் கூடாது. அன்று சொற்போர் நிகழ்ந்தது. 2014இல் தீ மட்டும் வந்தது, சொற்போர் வரவேயில்லை.

அருட்பா மருட்பாச் சண்டையையும் ஈண்டு நினையாதிருத்தல் இயலவில்லை. 1867இல் இராமலிங்க சுவாமிகள் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு அச்சான பின், ஆறுமுக நாவலர் அதனை மறுத்தெழுந்தார். வழக்கு மன்றம் வரைக்கும் சென்றது. இருவரும் மறைந்தபின்னும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம்வரை அப்பகை நீண்டது. நாவலர் தாம் மறுத்த பாடல்களைப் படித்தே மறுத்தார். அவர் பக்கமென்றும் இவர் பக்கமென்றும் பின்னாளிற் கட்சி பிரிந்து திட்டியவர் பலர் இரண்டையும் படித்தாரல்லர். எம் இளமையில் எமக்குப் பாடஞ்சொன்ன முதியவர் ஒருவர் அருட்பாவைத் தொடமாட்டார். எழுபது வயதில் ஒரு நாள் ஆறாந் திருமுறையைத் தனியே வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர், எம்மைக் கண்டதும் மேலாடையால் மூடினார். யாமும் காணாதவர்போல் நின்றேம்.

நாவல் பற்றிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் 2016 ஜூலை 5ஆம் நாள் முடிவுற்றது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா இருவரும், நாமக்கல்லில் ஏற்பட்ட இசைவு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றும், நூலைத் தடைசெய்தற்கு நியாயமில்லை என்றும், ஆசிரியர் மீண்டெழுந்து எழுதுதல் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டே அவர் கவிதைத் தொகுதியொன்றோடும் புதிய நாவலோடும் திரும்பினார். விரும்பாதவர் நூலை மூடிவைத்துவிடலாம் என்பது அத்தீர்ப்பிற் போந்த கருத்துக்களுள் ஒன்று. பொதுமக்களுக்கு அது போதும். சித்தாந்தம் ஓதுவார்க்கு அது போதாதென்பது எம் எண்ணம். நம் ஆசிரியர்கள் உலகாயதன் ஏட்டை மூடிவைத்திருப்பின் நமக்குப் பரபக்கம் கிடைத்திராது. தீர்ப்பில் எமக்கு நாணத்தைத் தந்தது பிறிதொன்று: அந்நீதிபதிகள் கதைப்போக்கை முற்றும் எடுத்துரைத்து, நூலை முழுமையாக நோக்கியே முடிவு கூறினர். அளவையிலக்கணம் கற்பிப்பவர் செய்யாததை வழக்குமன்றத்தார் செய்தனர்.

தீர்ப்பு வந்த மாதத்தில் அம்மாணாக்கர் வடநாட்டினின்று திரும்பி வகுப்புக்கு வந்தார். அன்று அளவைப் பாடம். ஐதிகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேம். யாம் முன்பு பழித்துப் பேசியதையும், அப்பொழுது நூலைப் படித்திராமையையும், அவையோர் அறியச் சொன்னேம். சிலர்க்கு அது பிடிக்கவில்லை. தாள்களைக் கொணர்ந்த அன்பர் எழுந்து, முழுதும் படித்தால் மட்டும் அவ்விரவு நல்லிரவாகி விடுமோ என்று கேட்டார். ஆகாது, யாமும் அவ்வாறு கூறவில்லை என்றேம். அந்நூற்படியை அவர் கையிற் கொடுத்தேம். ஆறு மாதம் வைத்திருந்து திருப்பித் தந்தார். படித்தாரா என்று யாம் கேட்கவில்லை; அறுபதாம்படிக்கு அழைத்துச் செல்லவுமில்லை. பக்கங்களின் ஓரத்தில் மட்டும் இடையிடையே கோடு இருந்தது. இம்முறை முதற்பக்கத்திலிருந்து கடைசிவரை.

பதினான்காம் நாள் இரவைப் பற்றிய எம் மறுப்பை, மேலே சுருக்கிக் கூறியதை விரித்து, இவ்விதழிலேயே வெளியிட எண்ணியுள்ளேம். அதன்கண் குற்றங் காண்பார் எழுதுங்கால், நாவலின் பக்க எண்ணையும் உடன் குறித்தெழுதுக.